துப்பாக்கிக் கடையில் ஒரு துண்டுக் கட்டை

துப்பாக்கிக் கடை என்பது தையல் கடைக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. வருகிறவரின் கை நீளமும் தோள் அகலமும் தெரியாமல் அங்கே ஒரு வேலையும் நடக்காது.

விருத்தாசலத்தில் பீங்கான் படிப்பு முடித்தவன் நான். கூடப் படித்தவர்கள் குஜராத் டைல்ஸ் கம்பெனிகளுக்கு ரயில் ஏறினார்கள். நான் ஹமீது பாய் கடையின் படி ஏறினேன். ஒரு மாதம் இருந்து பார்ப்போம் என்றுதான் போனேன். அப்படிப் போய் நின்றவர்கள் இதைப் படிக்கிறவர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள், மீதியை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சின்ன வயதில் தாத்தாவும் ஆயாவும் சொன்ன கதைகளில் துப்பாக்கி ஒரு தடவை வெடித்தால் ஒரு புலியாவது சாயும். எங்கள் கடையிலோ அதைத் துடைப்போம், எண்ணெய் போடுவோம், உறையில் போட்டு அனுப்பிவிடுவோம். வேட்டையைச் சட்டம் நிறுத்தி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. லைசன்ஸ் வைத்திருந்த முக்கால்வாசிப் பேர் கொல்லையில், எங்கள் பக்கம் மேட்டு நிலத்துக்கு அதுதான் பேர், பயிரைக் காக்க வைத்திருந்தவர்கள். வானத்தைப் பார்த்து ஒரு வெடி, காட்டுப்பன்றி ஓடிவிடும், அவ்வளவுதான். அவர்கள் எங்களிடம் வருவது தோள்வார் மாற்ற, தோளில் முட்டும் அடிக்கட்டையில் ரப்பர் வைக்க, குழல் முனையில் இருக்கும் குறிமணிக்கு வெள்ளை பெயின்ட் தொட்டுக்கொள்ள. என் குரல் வேறு ரொம்பச் சன்னம். துப்பாக்கி விற்கிற கடையில் இப்படிப் பேசினால் யார் வாங்குவார்கள் என்று பாய் தினமும் வருத்தப்படுவார்.

தொலைநோக்கி கேட்டவர்

வேப்பூர் பக்கம் ரோட்டோரம் ஓட்டல் வைத்திருக்கும் குடும்பத்துப் பெரியவர் ஒருவர், கம்பளியில் சுற்றிய பழைய வேட்டை ரைஃபிளோடு ஒருநாள் வந்தார். அதற்கு ஒரு தொலைநோக்கி மாட்ட வேண்டும் என்றார். பாய் ரைஃபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இந்த வயசான இரும்பின் மேல் ஓட்டை போட்டு மாட்டினால் நிற்காது, அதைவிட குறியைச் சுத்தம் பண்ணி, நல்ல வார் போட்டுத் தருகிறேன், தூக்க சுலபமாக இருக்கும் என்றார். எங்கள் கடையில் எது வாங்கினால் உபயோகம், எது வீண் என்று பாய் சொல்லிவிடுவார். வியாபாரம் ஏன் பெருகவில்லை என்று இப்போது புரிந்திருக்கும்.

பெரியவர் கேட்கவில்லை. சட்டம் வருவதற்கு முன்னால் காட்டோரக் குட்டையில் அவர் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பாராம். இப்போதும் அங்கே மான்கள் தண்ணீருக்கு வருகின்றன. கண்தான் எட்டவில்லை. சுடப் போவதில்லை, தோட்டாகூட வைத்திருக்கவில்லை, பார்த்தால் போதும் என்றார். பார்க்கத்தானே, நல்ல பைனாகுலர் ஒன்று வாங்கிக்கொள்ளலாமே என்று நான் சொன்னேன். என் குரல் அவருக்கு எட்டவில்லை. பாய் அதையே இன்னொரு தடவை உரக்கச் சொன்னார்.

அவர் ரைஃபிளைக் கம்பளியில் சுற்றிக்கொண்டே சொன்னார்: "அது வேற தம்பி. கட்டையில கன்னத்த வச்சிப் பாத்தாதான் எனக்கு அது மானு."

எல்லாம் மாட்டு, அதைத் தவிர

தனக்கோடி அம்மா முதல் தடவை வந்தது ஒரு மழைக்காலம் முடிந்த சமயம். நல்லூர் தாண்டி ஒரு கிராமம். வீட்டுக்காரர் மாரடைப்பில் போய்விட்டார். அவருடைய ஒற்றைக் குழல் துப்பாக்கியின் லைசன்ஸை அலைந்து திரிந்து தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு வந்திருந்தார். ஒரே பையன் குமரவேல் சிங்கப்பூரில் கப்பல் கட்டும் இடத்தில் வெல்டர். கொல்லை முழுக்க மல்லாட்டை. நிலக்கடலை என்று சொன்னால் மனிதனுக்கே பிடிக்கும், பன்றிக்குக் கேட்க வேண்டுமா.

தூக்கிப் பாருங்கம்மா என்றார் பாய். தூக்கினார். அடிக்கட்டை தோளில் உட்காராமல் அக்குளுக்குள் போனது, குழல் தரையைப் பார்த்துத் தலை கவிழ்ந்தது. பாய் வழக்கம்போல அளவு எடுத்தார். கட்டையின் அடியை முழங்கை மடிப்பில் வைத்து முன்கையை நீட்டச் சொல்வார், ஆள்காட்டி விரல் விசையைத் தொட வேண்டும். அந்த அம்மாவின் விரல் விசைக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டது. ரெண்டு விரல் அகலம் கட்டையை வெட்டினால் போதும், மற்றதெல்லாம் அப்புறம் என்றார் பாய்.

அவர் உடனே துப்பாக்கியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். வார் மாட்டலாமா என்று கேட்டார், ரப்பர் வைத்தால் சரியாகுமா என்றார், குறிமணிக்கு வெள்ளை வைத்தால் தலை நிமிருமா என்றார். எதுவும் நீளத்துக்கு வைத்தியமில்லை என்று பாய் சொல்லச் சொல்ல அவர் கட்டையைத் தடவிக்கொண்டே இருந்தார். அதன் ஒரு பக்கம், வீட்டுக்காரரின் கன்னம் பட்டுப் பட்டுக் கறுத்திருந்தது. பையனும் அப்பாவை உரித்து வைத்தவன், அதே உயரம், அதே கை, ஒப்பந்தம் முடிந்து வந்ததும் லைசன்ஸுக்கு எழுதிப் போடப் போகிறான், கொல்லையையும் துப்பாக்கியையும் அவன்தான் பார்க்கப் போகிறான் என்றார். வெட்டிவிட்டால் அவன் எதைத் தூக்குவான் என்பது அவர் கேள்வி.

கடைசியில் என்னைப் பார்த்துச் சொன்னார்: "வார் மட்டும் மாட்டு தம்பி. கட்டையில கை வைக்காத."

ரப்பர்

ஊருக்குள் ஒரு பேங்க். அதன் வாசலில் நிற்கும் காவலர் பட்டாளத்திலிருந்து வந்தவர், பெரிய மீசை. அடிக்கட்டைக்கு ரப்பர் வேண்டும் என்று வந்தார். சுடும்போது உதை தோளில் இறங்காமல் இருக்க வைப்போமே, அந்த ரப்பர். பாய் மூன்று வகை எடுத்துப் போட்டு, இது கொஞ்சம் மெத்து, இது கெட்டி, உங்கள் தோளுக்கு இதுதான் சரி என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

பேங்க்கில் புது டைல்ஸ் போட்டிருக்கிறார்களாம், நம் ஊர் டைல்ஸ்கூட இல்லை, வெளியூர் சரக்கு. துப்பாக்கியை ஊன்றினால் கீறல் விழுகிறது என்று மானேஜர் முணுமுணுக்கிறாராம். பாய் விளக்குவதை நிறுத்திவிட்டார். காவலர் கெட்டி ரப்பரை எடுத்துக் கையில் அழுத்திப் பார்த்தபடி சொன்னார்: "தோள்ல வச்சே வருசமாச்சு பாய். எல்லாம் தரையிலதான்."

பார்க்க வருகிறவர்கள்

தேர்தல் அறிவித்தால் லைசன்ஸ் துப்பாக்கி எல்லாவற்றையும் போலீஸ் ஸ்டேஷனிலோ எங்களைப் போன்ற கடையிலோ ஒப்படைத்துவிட வேண்டும். முடிவு வந்த பிறகுதான் திரும்பக் கிடைக்கும். அந்தச் சமயத்தில் எங்கள் கடை ஆஸ்பத்திரி வார்டு போல ஆகிவிடும். சுவரோரம் வரிசையாக துப்பாக்கிகள், கழுத்தில் பெயர் எழுதிய அட்டை. ஊருக்குள் உர மூட்டை வாங்க வருகிறவர்கள் அப்படியே எட்டிப் பார்ப்பார்கள். நம்மாளு எப்படி இருக்கான், எண்ணெய் வச்சீங்களா என்று கேட்பார்கள். ஒருவர் ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்து எனக்குக் கொடுத்தார். வெறுங்கையோடு பார்க்க வர அவருக்குக் கூச்சமாக இருந்திருக்கிறது.

அப்படி ஒரு தேர்தலுக்குத்தான் தனக்கோடி அம்மா மறுபடி வந்தார். சாக்குத் துணியில் தைத்த உறையில் துப்பாக்கி, தோளில் மஞ்சள் பை. பஸ்ஸில் உட்கார இடம் கொடுத்தும் உட்காராமல் அதைப் பிடித்துக்கொண்டே நின்று வந்திருக்கிறார். புடவைத் தலைப்பை விலக்கி மேல் கையைக் காட்டினார். நாவல் பழ நிறத்தில் கன்றிப்போயிருந்தது. அக்குளில் வைத்தே சுட்டிருக்கிறார். உதை கையில் இறங்கியிருக்கிறது. அடுத்த தடவை பன்றி வந்தபோது பயத்தில் விசையைத் தொடவே கை வரவில்லையாம். பாதிக் கொல்லையை உழுதுவிட்டுப் போய்விட்டன. இன்னொரு போகமும் இப்படிப் போனால் குத்தகைக்கு விட்டுவிடு என்று பையனே போனில் சொல்கிறான் என்றார். கொல்லையைக் குத்தகைக்கு விட்டால் அவன் எதற்குத் திரும்பி வருவான்?

எப்படியும் தேர்தல் முடியும்வரை துப்பாக்கி சும்மா இருக்கப் போகிறது, இப்போதே வெட்டிவிடலாம் என்று சம்மதித்தார். ஆனால் திரும்பப் பொருத்துகிற மாதிரி வெட்ட வேண்டும். மஞ்சள் பையிலிருந்து பையனின் சட்டையை எடுத்து மேஜை மேல் வைத்தார். அவன் அளவு வேண்டும் என்றால் இதை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அரைக்கைச் சட்டை. அதில் முழங்கைவரைக்கும்கூட அளவு கிடைக்காது. நான் பாயைப் பார்த்தேன். பாய் சிரிக்கவில்லை. சட்டையைக் கட்டையின் மேல் விரித்து, தோளையும் கையையும் விரலால் அளந்து, சரிதாம்மா என்று பத்திரமாக மடித்துக் கொடுத்தார்.

அறுத்தது நான்தான். அந்த அம்மா வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்து நின்றுகொண்டார். ரெண்டு விரல் அகலத் துண்டு தனியே வந்தது. இரண்டு முகத்தையும் இழைத்து, நீள ஸ்குரூ இரண்டு போட்டால் பழையபடி ஒட்டிக்கொள்கிற மாதிரி துளை போட்டேன். அவர் எடுத்து வைத்துப் பார்த்தார். கட்டை தோளில் போய் உட்கார்ந்தது, குழல் நிமிர்ந்தது, விரல் விசையைத் தொட்டது. கன்னம் வைத்த இடம் வீட்டுக்காரரின் கன்னம் கறுக்க வைத்த இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருந்தது. துண்டைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

"அவன் வந்து இங்கதான மாட்டிக்கப் போறான். இங்கியே இருக்கட்டும்."

எண்ணெய்

அதிலிருந்து அந்தத் துண்டு மேஜை டிராயரில் இருந்தது, ஸ்குரூ இரண்டும் கூடவே. துடைத்து எண்ணெய் போட துப்பாக்கியைக் கொண்டுவரும்போதெல்லாம் தனக்கோடி அம்மா டிராயரைத் திறக்கச் சொல்வார். துப்பாக்கிக் கட்டைக்கு எவ்வளவு எண்ணெயோ அவ்வளவு துண்டுக்கும் போட வேண்டும். இல்லாவிட்டால் ஒன்று கறுத்து ஒன்று வெளுத்துப் போய்விடும், பையன் வந்து மாட்டும்போது ஒட்டுப்போட்ட மாதிரி தெரியும் என்பார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிறம் பார்ப்பார். பன்றிகள் இப்போது பக்கத்துக் கொல்லைக்குப் போகின்றன என்று ஒரு தடவை பெருமையாகச் சொன்னார். பக்கத்துக் கொல்லைக்காரர் பேசுவதில்லையாம்.

பையனின் ஒப்பந்தம் முடிந்தது. இன்னொரு ஒப்பந்தம் போட்டுக்கொண்டான். எனக்கும் என்னவோ ஆகிவிட்டது. சென்ட் வாசனையோடு யார் படியேறினாலும் சிங்கப்பூர்க்காரரோ என்று கை டிராயருக்குப் போகும். குஜராத்திலிருந்து நண்பன் ஒருவன் போன் பண்ணி, அவனுடைய கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், உடனே கிளம்பி வா என்றான். வருகிறேன் என்றேன். கிளம்பவில்லை. நான் போய்விட்டால் துண்டுக்கு யார் எண்ணெய் போடுவார்கள் என்று ஒரு சாக்கு எனக்கும் கிடைத்திருந்தது.

பாய் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டு இருந்தார்போல. ஒருநாள் நான் துண்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கேட்டார்: "ஏண்டா, நீ சிங்கப்பூருக்குக் காத்திருக்கியா, குஜராத்துக்கா?"

சத்தம் பத்தவில்லை

கம்மாபுரம் பக்கத்திலிருந்து மொபெட்டில் வருவார் ஒருவர், பெயர் கலியமூர்த்தி. துப்பாக்கியின் சத்தத்தைக் கொஞ்சம் ஏற்றித் தர முடியுமா என்று கேட்டார். நான் அது ரேடியோ இல்லையே என்றேன். என் குரலுக்கு அது நக்கலாகக்கூட ஒலிக்கவில்லை. அவர் பொறுமையாக விளக்கினார். பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்தில் பாறைக்கு வெடி வைக்கிறார்கள். அதைக் கேட்டுக் கேட்டு அந்தப் பக்கத்துப் பன்றிகளுக்குக் காது மரத்துப்போய்விட்டது. இவர் வானத்தைப் பார்த்துச் சுட்டால் ஒரு தடவை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி சாப்பிடுகின்றன. குட்டிகள் அதுகூடச் செய்வதில்லை.

பாய் வழக்கப்படி உபயோகமானதைச் சொன்னார். சத்தத்தை ஏற்ற வழியில்லை, தகர டப்பா கட்டுங்கள், வேலியோரம் விளக்கு போடுங்கள் என்றார். கலியமூர்த்தி கேட்டுக்கொண்டார். பிறகு கட்டையை நன்றாக இழைத்து பாலிஷ் போடு, வாரைப் புதிதாக மாற்று, குறிமணிக்கு வெள்ளை வை என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எதற்கு இத்தனை என்று பாய் கேட்டார். நிலம் சுரங்கத்துக்குப் போகப் போகிறது. கொல்லை இல்லாதவனுக்குப் பயிர்க்காவல் லைசன்ஸ் எதற்கு, புதுப்பிக்க மாட்டார்கள். ஒப்படைக்கும்போது நல்ல உடுப்போடு போகட்டும் என்றார். அவருக்கு நானே பாலிஷ் போட்டேன், முகம் தெரிகிற அளவுக்கு. சத்தம் ஏறாதே, பரவாயில்லையா என்று கிளம்பும்போது பாய் கேட்டார்.

மொபெட்டை மிதித்துக்கொண்டே அவர் சொன்னார்: "அதுங்க காதுல விழாட்டிப் போவட்டும் பாய். நாங்க இன்னும் இருக்கறோம்னு எனக்குக் கேட்டா சரி."

குமரவேல்

வந்துவிட்டார். ஒரு பகல் வேளை, வெள்ளை ஷூ, கையில் பெரிய வாட்ச், நான் நினைத்த அதே சென்ட் வாசனை. முன்னால் தனக்கோடி அம்மா துப்பாக்கி உறையை மார்போடு பிடித்துக்கொண்டு வேகவேகமாகப் படியேறினார். தம்பி, எடு எடு என்றார், வணக்கம்கூட இல்லை. குமரவேல் ஒரு மாத லீவில் வந்திருப்பதாகப் பாயிடம் மெதுவாகச் சொன்னார். அந்த அம்மா அதைக் காதில் வாங்காத மாதிரி உறையின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

துண்டை எடுத்தேன். இத்தனை நாள் எண்ணெய் வீண்போகவில்லை, கட்டையோடு சேர்த்தபோது வெட்டிய கோடே தெரியவில்லை. ஸ்குரூ இரண்டையும் முறுக்கினேன். குழல் காலிதானா என்று பாய் மடக்கிப் பார்த்துவிட்டுக் குமரவேலிடம் கொடுத்தார். அவர் தூக்கினார். கட்டை அக்குளுக்குள் போனது. குழல் தலை கவிழ்ந்தது.

நிமிர்ந்து நில்லுடா என்றார் அம்மா. நிமிர்ந்து நின்றார். கையை நல்லா நீட்டுடா என்றார். நீட்டினார். விரல் விசைக்கு இந்தப் பக்கமே நின்றது. ஷூவைக் கழற்றச் சொன்னார், அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தமோ, அவர் கழற்றினார். தம்பி, நீ கட்டையை அதிகமாக வைத்துவிட்டாயா என்று அம்மா என் பக்கம் திரும்பினார். அதே துண்டுதாம்மா என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

பாய் ஸ்குரூ இரண்டையும் கழற்றி, துண்டை எடுத்துவிட்டு மறுபடி நீட்டினார். குமரவேல் தூக்கினார். தைத்துப் போட்ட சட்டை மாதிரி தோளில் உட்கார்ந்தது. விரல் விசையில் போய் நின்றது. கன்னம், அம்மா கன்னம் வைக்கிற அதே இடத்தில். தம்பிக்கு உங்கள் கைதாம்மா என்றார் பாய்.

தனக்கோடி அம்மா தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு பையனின் கையைப் பிடித்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், துண்டையும் கட்டையையும் வைத்து நிறம் பார்ப்பாரே, அப்படி. எல்லாரும் அவனை அப்பா மாதிரி, அப்பா மாதிரி என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவரே எங்களிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பார். குமரவேல்தான் துண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, இதை நான் கொண்டுபோகட்டுமா, ஏர்போர்ட்டில் பிடித்தால் என்னவென்று சொல்வது என்று பாயிடம் கேட்டார். கட்டை என்று சொல்லுங்கள் தம்பி, வேறென்ன என்றார் பாய்.

அந்த அம்மா பையனின் உள்ளங்கையிலிருந்து அதை எடுத்துத் தன் மஞ்சள் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"ஒனக்கு எதுக்குடா இது? நீ எப்ப வந்தாலும் இருக்கற மாதிரியே தூக்கிக்கலாம். இது அவரோடது, வூட்டுக்கு வரட்டும்."

கேட்டவருக்கு முடிந்ததை எல்லாம் மாட்டிக் கொடுத்த எங்கள் கடையில், அடுத்த மாதம் நான் குஜராத்துக்கு ரயில் ஏறும்போது, எதற்கும் பொருந்தாமல் மிச்சமிருந்தவை அந்த டிராயரில் கிடந்த நீள ஸ்குரூ இரண்டுதான்.